எம்டன் கேப்டன் கப்பலோடு இறக்கவில்லை
முதல் உலகப்போரில் 1914 நவம்பர் 9 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டனோடு அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரும் மாண்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்பரே, அது சரியன்று. ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னியின் குண்டுகளால் சிதைந்த எம்டனை, இந்தியப் பெருங்கடலிலுள்ள வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் மோதித் தரைதட்ட வைத்தவரே முல்லர்தான். பிறகு சரணடைந்தார். மால்டாவிலும் இங்கிலாந்திலும் போர்க்கைதியாக இருந்தார். 1917இல் சுரங்கம் தோண்டித் தப்பி மீண்டும் பிடிபட்டார். இறந்தது 1923இல், ஜெர்மனியில். சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியவர் ஆயிற்றே, நம்மூரில் கதைகள் முளைத்ததில் வியப்பில்லை! ஆஸ்திரேலியாவின் பழைய செய்தித்தாள்கள் ட்ரோவ் (Trove) என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1914 நவம்பர் இதழ்களில் Emden என்று ஆங்கிலத்தில் தேடினால் கேப்டன் சிறைப்பட்ட செய்தியை நீங்களே வாசிக்கலாம்.