டிக்கி லாக்கை மாற்றும் முன்

டிக்கி சரியாக மூடவில்லை என்றால் லாக் போய்விட்டது, சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் வேறு வாங்கி மாட்டுங்கள், அதுவரை ஓங்கி அறைந்து மூடுங்கள் என்று அம்பாசடர் கார் வைத்திருக்கும் ஒருவருக்கு இன்னொருவர் யோசனை சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி, கூடவே வந்த லாக்கை அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போடக் கூடாது.

டிக்கியைத் திறந்தபடியே வைத்து லாக்கின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். டக்கென்று பிடித்து, திறக்கும்போது துள்ளி விடுபட்டால் லாக் நன்றாகத்தான் இருக்கிறது. மந்தமாக அசைந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும், நம் ஊர் உப்புக்காற்றில் துருவும் சேர்ந்திருக்கும். மண்ணெண்ணெய் விட்டு பிரஷ்ஷால் கழுவி, துடைத்து, புது கிரீஸ் கொஞ்சம் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறமும் பிடிக்கவில்லையா? எதிரே இருக்கும் கொக்கி இடம் மாறியிருக்கும், கீல் தொய்ந்திருக்கும், இல்லையென்றால் டிக்கி விளிம்பைச் சுற்றிப் புதிதாக ஒட்டிய ரப்பர் பட்டை (பீடிங்) தடிமனாக இருக்கும். கொக்கியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, போல்ட்டைத் தளர்த்தி, ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, முறுக்கி, மெதுவாக மூடிப் பாருங்கள். ஓங்கி அறைந்தால் கொக்கி வளைந்து மூடியின் விளிம்பும் நெளியும், அதை டிங்கர்தான் வந்து தட்டி நிமிர்த்த வேண்டும்.