அம்மாவுக்கு வாசம் திரும்புன கதை

எலியோட மூக்குல மோப்ப நரம்பணுக்கள், அதாவது வாசம் பிடிக்கிற நரம்பு செல்கள், செத்துச் செத்து மறுபடி முளைக்குதுன்னு சொல்ற ஒரு கட்டுரையை எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேனுங்க. பவானி பக்கம் எங்களுக்கு மஞ்சக் காடு. 2021-ல கொரோனா வந்து அம்மாவுக்கு வாசமே போயிருச்சு. அடுப்புல பால் தீஞ்சு குண்டா கருகுது, பக்கத்துலயே உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டிருந்தாங்க. விரலி மஞ்சளை ஒடிச்சு மோந்தே தரம் சொல்றவங்க அவங்க.

கட்டுரையில விட்டுப்போன ஒண்ணு: அந்த வைரஸ் பெரும்பாலும் நரம்பணுவை நேரா தாக்குறதில்லீங்க, அதைத் தாங்கிப் பிடிச்சிருக்கிற துணை அணுக்களைத்தான் தாக்குது. அடியில இருக்கிற, புது அணுக்களை உண்டாக்குற மூல அணுக்கள் தப்பிச்சா புது நரம்பு வரும். வந்தா மட்டும் பத்தாது. எலிக்கு ஆயிரத்துக்கு மேல வாசம் பிடிக்கிற ஏற்பி வகை, நமக்குச் சுமார் 400. ஒரு நரம்பணுவுக்கு ஒரே வகை ஏற்பிதான். அது மூக்குக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கிற எலும்புச் சல்லடை ஓட்டை வழியா நாரை நீட்டி, மூளையில தன் வகைக்கு உண்டான முடிச்சைத் தேடிச் சேரணும். எலிக்கு நரம்பு மொத்தமா அறுந்து வளர்ந்தா தப்பான முடிச்சுல சேர்றதும் உண்டு.

அம்மாவுக்கு நடுவுல ரெண்டு மாசம் காப்பி சாக்கடையா நாறுச்சு. அது இதனாலதானோன்னு இப்பத்தான் தோணுது. தினமும் கிராம்பும் எலுமிச்சைத் தோலும் மோந்துட்டே இருந்தாங்க. அடுத்த வருசம் மாசியில மஞ்சள் வேக வெக்கறப்ப கொப்பரை மூடியைத் திறந்தோம், ஆவி மூஞ்சில அடிச்சதும், "கண்ணு, மணக்குதுடா"ன்னாங்க.