மலிவு என்று சொல்லி யாரையும் குண்டசாலைக்கு அனுப்பாதீர்கள்

"கொழும்பில் கிடந்து ஏன் கஷ்டப்படுற? கண்டிக்குப் பக்கத்துல வீடு எடு, வாடகை பாதிதான்." தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை இது. கலியாண வீட்டில் சொல்கிறார்கள், திருவிழாவில் சொல்கிறார்கள், இப்போது முகநூலில் வீட்டுப் படம் போட்டும் சொல்கிறார்கள். நான் கண்டிக்கு வெளியே குண்டசாலைப் பக்கம் வாடகைக்கு இருக்கிறவள். யோசனை பிழை என்று சொல்ல வரவில்லை. வாருங்கள், தாராளமாக வாருங்கள். ஆனால் மலிவு என்ற அந்த வார்த்தையை மட்டும் நம்பி வராதீர்கள். வாடகையில் மிஞ்சுகிற காசை இங்கே வேறு கணக்கில் கட்டுகிறோம். அதையும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பொம்பளைதான் கட்டுகிறாள்.

கண்டி டவுனுக்குள் ஏன் இவ்வளவு வாடகை என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. சுற்றிவர மலை, மூன்று பக்கம் மகாவலி ஆறு. ஊர் பரவ இடமே கிடையாது. 1988-இல் உலக மரபுரிமை நகரமாக அறிவித்த பிறகு பழைய டவுனுக்குள் நினைத்தபடி மாடி கட்டவும் முடியாது. மாநகர எல்லைக்குள் குடியிருப்பவர்கள் 1 லட்சம் பேர் அளவுதான், மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படியே 13 லட்சத்துக்கு மேல். ஆஸ்பத்திரி, கச்சேரி (மாவட்டச் செயலகம்), கோர்ட், பேர்போன பள்ளிக்கூடங்கள், டியூஷன் வகுப்பு, துணிக்கடை எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள்தான். ஆக, காலையில் மாவட்டமே பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னக்கும்புர என்ற மூன்று வாசல் வழியாக உள்ளே போகிறது, மாலையில் அதே மூன்று வாசல் வழியாக வெளியே வருகிறது. கண்டியில் காற்று கெட்டுவிட்டது என்கிறார்களே, இந்த வாகனப் புகை மலைக்கு நடுவில் அடைபட்டு நிற்பதும் அதற்கு ஒரு காரணம்.

டவுனுக்குள் ஒரு அறைக்குக் கேட்கிற காசுக்கு எங்கள் பக்கத்துத் திகனயில் இரண்டு அறை, குசினி, துணி காயப்போட மொட்டை மாடி எல்லாம் கிடைக்கும். இது உண்மை. ஆனால் மாத வாடகையைச் சொல்கிறவர்கள் அட்வான்ஸைச் சொல்வதில்லை. ஆறு மாதம் கேட்பார்கள், சிலர் ஒரு வருடத்தையே கேட்பார்கள், அதையும் ஒரே தடவையில் கையில் வைக்க வேண்டும். அதற்கு மேல் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021-இல்தான், 1,350 ஆனது 2024-இல். அதுவும் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, விழுந்தால்தான். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அந்தச் சம்பளத்தில் வளர்ந்த ஒரு பிள்ளை ஒரு வருட அட்வான்ஸை எங்கிருந்து எடுக்கும்? அம்மாவின் சேமலாப நிதிதான். முப்பது வருடம் கொழுந்து எடுத்து வந்த காசு, முகம் தெரியாத ஒரு வீட்டுக்காரரின் கையில் போய் உட்காரும். திருப்பித் தரும்போது பெயின்ட் அடிக்க, பைப் மாற்ற என்று கழித்துக்கொண்டுதான் தருவார். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. முந்தின வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கும் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தார்.

சரி, இதெல்லாம் ஒரு தடவைச் செலவு. பஸ் கதை தினமும்.

பகலில் எங்கள் பக்கம் பஸ்ஸுக்குக் குறைவில்லை. மஹியங்கனை ரோட்டில் ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். கண்டியிலிருந்து திகனக்குச் சுமார் 15 கிலோமீட்டர். விடியற்காலையில் இந்தத் தூரம் ஒன்றுமே இல்லை. ஏழு மணிக்குக் கிளம்பினால் தென்னக்கும்புர பாலத்துக்கு முன்னாலேயே அன்றைய பொறுமை தீர்ந்துவிடும். மாலையில் வேறு கூத்து. தனியார் பஸ் ஆள் நிறையும்வரை நகராது, நிறைந்த பிறகும் நகராது. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு "பின்னால இடம் இருக்கு, பின்னால போங்க" என்று கத்துவார். பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பை வைக்கக்கூட இடம் இருக்காது. தூர பஸ்காரர்களுக்குக் குண்டசாலையில் இறங்குகிறவர்களைக் கண்டாலே ஆகாது, ஏற்றவே யோசிப்பார்கள். ஏழு மணியைத் தாண்டினால் பஸ்களுக்கு இடையில் நேரம் நீளும், எட்டைத் தாண்டினால் மெயின் ரோட்டில் மட்டும்தான் ஏதாவது வரும். மலிவு வீடு மெயின் ரோட்டிலா இருக்கிறது? உள்ளே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர், அதுவும் ஏற்றம். அந்த உள் ரோட்டு பஸ் எப்போதோ படுத்துவிட்டிருக்கும். பிறகு த்ரீவீல்தான். இருட்டில் தனியாக நிற்கிற பொம்பளையிடம் மீட்டர் போட்டுப் பேசுகிற த்ரீவீல்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதை வெறும் அசௌகரியம் என்று நினைக்காதீர்கள். இது சம்பளம். கண்டி துணிக்கடைகளில் தீபாவளிக்கும் நத்தாருக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் ராத்திரி வரை வியாபாரம் நடக்கும், ஓவர்டைம் காசு அப்போதுதான் வரும். நேர்முகத்துக்குப் போனால் முதலில் கேட்பது படிப்பை இல்லை, "எங்க இருக்கீங்க, எத்தனை மணி வரைக்கும் நிக்கலாம்?" என்பதைத்தான். விளம்பரத்திலேயே "கண்டி நகரை அண்டி வசிப்போர் விரும்பத்தக்கது" என்று போடுகிறார்கள். என் வேலையும் ஒரு கடையில் கணக்குப் பார்ப்பதுதான். ஸ்டாக் எடுக்கும் நாட்களில் ஆண்கள் தங்குவார்கள், நான் ஆறு மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். வருடக் கடைசியில் யாருக்குச் சம்பளம் கூடியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டவுன் வாடகைக்கும் எங்கள் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் என்று இவர்கள் பெருமையாகச் சொல்கிற தொகை, அங்கே போய்விட்டது.

தலதா மாளிகைப் பெரஹெர ஊர்வலம் வந்தால் அந்தப் பத்து நாளும் தனிக் கதை. மத்தியானத்திலேயே ரோட்டை மூட ஆரம்பித்துவிடுவார்கள், பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டுக் கேட்டு நடக்க வேண்டும். 2022-இல் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றபோது டவுனுக்குள் இருந்தவர்கள் நடந்தாவது வேலைக்குப் போனார்கள். நாங்கள் என்ன செய்வது?

அடுத்தது பள்ளிக்கூடம். இது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே உள்ள தலைவலி. கண்டியைச் சுற்றிப் பல இடங்களில் வீட்டுக்குப் பக்கத்தில் பாடசாலை இருக்கும், தமிழ் மொழிமூலம் இருக்காது. டவுனுக்கு வேனில் அனுப்ப வேண்டும், அல்லது மடவளை, அக்குறணை பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளில் சேர்க்க வேண்டும். அங்கே படித்து நன்றாக வந்த தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். முதலாம் தரத்துக்கு டவுன் பாடசாலை கேட்டுப் போனால், பாதி இடம் பாடசாலைக்குக் கிட்ட வசிப்பவர்களுக்கு. கிட்ட வசிப்பதை நிரூபிக்க ஐந்து வருட வாக்காளர் இடாப்பைப் பார்க்கிறார்கள். எங்கள் பெயர் எங்கே இருக்கிறது? தோட்டத்தில், அப்பாவின் லயத்து (தோட்டத்து வரிசை வீடு) இலக்கத்தில். வாடகை வீட்டில் பதியலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பல வீட்டுக்காரர்களுக்கு அதில் ஒரு பயம், பெயர் பதிந்தால் வீட்டையே எழுதி வாங்கிவிடுவோம் என்று நினைக்கிறார்கள். கிராம சேவகரின் (ஜி.எஸ்.) தாளை நீட்டினால் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார்கள். வீடு மாறினால் கணக்கு முதலில் இருந்து.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. இந்தியாவில் இருந்து வந்தவர்கள் என்று 1948-இல் பிரஜாவுரிமை இல்லை என்றார்கள், 1964-இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தார்கள், 2003 சட்டம் வரும்வரை நாடற்றவர்களாகவே இருந்தவர்கள் எங்கள் குடும்பங்களிலேயே உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஜி.எஸ். ஆபீஸ் வாசலில் வாடகை ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வீட்டைப் பற்றியும் கொஞ்சம். எங்கள் பக்கம் டொலமைட் என்கிற சுண்ணாம்பு வகைப் பாறை, குவாரிகளே இருக்கின்றன. கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு கடினம். புதுக் கேத்தல் வாங்கினால் கொஞ்ச நாளில் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். தேசிக்காய் பிழிந்து கொதிக்க வைத்துச் சுரண்டினால் சுண்ணாம்புச் செதிலாக உதிரும். குழாய்த் தண்ணீர் இருக்கிற வீடு என்றால் வாடகை கூட. அதைவிட முக்கியம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண். மலையில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி எடுக்க வேண்டும், ஆனால் வாடகைக்கு வருகிறவள் அதைக் கேட்பதே இல்லை. காணியின் பேர்ச் விலை ஏற ஏற, ஏறக்கூடாத சரிவையும் வெட்டிச் சமப்படுத்தி இரண்டு மாடி எழுப்பிவிட்டார்கள். பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற இடம்தான் இருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த அந்த இரவுகளில் கண்டி மாவட்டம் பட்ட பாட்டைப் பார்த்தோமே. கம்பளை டவுனுக்குள் மகாவலி ஏறியது, எத்தனையோ இடங்களில் மலை இறங்கி வீடுகளை மூடியது. தோட்டத்தில் லயத்துக்கு மேலே மண் சரியும் என்று பயந்துதான் பல பேர் கீழே வந்தார்கள். கீழே வந்தும் அதே மண்தான் முதுகுக்குப் பின்னால்.

பிறகு ஏன் இங்கேயே இருக்கிறாய் என்று கேட்பீர்கள். அம்மாவும் கேட்கிறாள்.

எனக்கு ஒரு அட்ரஸ் இருக்கிறது. சிரிக்காதீர்கள். தோட்டத்தில் கடிதம் வந்தால் ஆபீசுக்குப் போகும், ஆபீசில் இருந்து யார் கையிலோ லயத்துக்கு வரும். நேர்முகக் கடிதம் தேதி முடிந்த பிறகு வந்து சேர்ந்த கதை எங்கள் தலைமுறையில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். இங்கே இலக்கம், ஒழுங்கை, ஊர் என்று எழுதினால் போஸ்ட்மேன் கேட்டில் பெல் அடிக்கிறார். ஒரு காம்பராவும் (அறை) இஸ்தோப்புமாக (திண்ணை) இருந்த இடத்தில் ஆறு பேர் படுத்து எழும்பிய எனக்கு, என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள் என்பதும் ஒரு சொத்துதான். தோட்டத்து வேலை விட்டுப்போனால் வீடும் போய்விடும் என்ற பயம் இங்கே இல்லை. வீட்டுக்காரர் போகச் சொன்னால் இன்னொரு வீடு பார்க்கலாம். தோட்டத்துத் துரையிடம் கேட்டுக் கூரைத் தகரம் மாற்றத் தேவையில்லை.

அக்கம்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் திகனயில் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தது எல்லோருக்கும் தெரியும், அந்த வாரம் இந்த முகநூலையே அரசாங்கம் நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகு தெரியாத சந்திக்கு வீடு பார்க்கப் போகிற தமிழ் ஆட்கள் இரண்டு தடவை யோசிக்கிறார்கள், யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியில் வேனை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் பக்கத்து வீட்டுச் சிங்கள மாமாதான். இரண்டும் ஒரே ரோட்டில் நடந்தவை.

ஆகவே, தோட்டத்துக்குத் திரும்பிப் போங்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்களுக்கு வேண்டியது ராத்திரி ஒன்பது மணிக்கு உள் ரோடுகளுக்கும் ஒரு பஸ். பத்துப் பேர்தான் ஏறுவார்கள், நட்டம் என்பார்கள். நட்டமானாலும் ஓட வேண்டும் என்பதற்குத்தானே அரசாங்கத்தின் இ.போ.ச. பஸ் இருக்கிறது? மாத்தளைப் பாதை 1880-இல் இருந்து கட்டுகஸ்தோட்டை, வத்தேகம வழியாகப் போகிறது. அதில் வேலைக்குப் போகிறவர்களின் நேரத்துக்கு ஒழுங்காக ரயில் ஓடினால் அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பாதிப் பிரச்சினை தீரும். கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பெரிய போக்குவரத்து நிலையம் கட்டுவதைப் பற்றித்தான் எல்லாத் தலைவர்களும் பேசுகிறார்கள். கட்டட்டும். அங்கிருந்து எட்டரைக்கு எங்கே போக எந்த பஸ் என்று ஒருவரும் பேசக் காணோம். எங்கள் ஓட்டை வாங்கிப் போகிறவர்களுக்கு லயம், ஏழு பேர்ச் காணி, நாட்சம்பளம் என்று மூன்று விஷயம்தான் தெரியும். தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் அவர்களின் கணக்கிலேயே இல்லை.

எந்தப் பக்கம் எடுக்கலாம் என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு: ரயில் வேண்டும் என்றால் வத்தேகம. பிள்ளைக்குத் தமிழ் மொழிமூலம் முக்கியம் என்றால் மடவளை, அக்குறணைப் பக்கம். ஆனால் அக்குறணை டவுனில் மழைக்குத் தண்ணீர் ஏறும், மேட்டில் பாருங்கள். பல்லேகல கைத்தொழில் பேட்டையில் வேலை என்றால் குண்டசாலையை விட வசதி வேறில்லை, என் கணவர் அங்கே வேலைக்கு நடந்தே போகிறார். இருவருக்கும் கண்டி டவுனில்தான் வேலை என்றால், வாடகை கூடினாலும் கட்டுகஸ்தோட்டைக்கும் டவுனுக்கும் நடுவில் ஒரு சின்ன வீடாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் புரோக்கரின் த்ரீவீலில் போய்ப் பார்க்காதீர்கள். வேலை நாளில், வேலை முடிந்து, கண்டியில் பஸ் ஏறிப் போங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், அவரிடம் கார் இருக்கும். சந்தியில் இருக்கிற சில்லறைக் கடையில் கேளுங்கள்.