தங்கத் தூளும் பாய்லர் புகையும்: பரவும் தகவல் தவறு

"பாய்லர் புகையைத் தண்ணீர் டிரம்முக்குள் விடுங்கள், ஒரு சிட்டிகை தங்க நானோ தூள் போட்டு வெயிலில் வையுங்கள், சாயங்காலம் கேஸ் ரெடி. அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள்!" திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறை வாட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு செய்தி சுற்றுகிறது. முன்பணம் கட்டினால் தூள் அனுப்புவார்களாம்.

ஆராய்ச்சி நடந்தது நிஜம்தான். 2019-இல் இல்லினாய் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், தங்க நானோ துகள்கள் மீது பச்சை ஒளி பாய்ச்சி, கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் மீத்தேன், புரொபேன் போன்ற வாயுக்களாக மாற்றினார்கள். அதற்கு அயனித் திரவம் என்ற ஒரு வேதிப்பொருளும் வேண்டியிருந்தது. ஃபார்வர்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கிடைத்த வாயுவும் கருவி வைத்து அளக்கிற அளவு, அடுப்பு எரிக்கிற அளவு அல்ல. 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் அந்தக் கட்டுரையை யாரும் இலவசமாகப் படித்துப் பார்க்கலாம்.

சரி, கணக்கும் பார்ப்போம். தங்கம் வெறும் வினையூக்கி, அதாவது வேதிவினையை வேகப்படுத்துகிற பொருள் மட்டுமே. எரிசக்தி ஒளியிலிருந்துதான் வர வேண்டும். ஒரு கிலோ புரொபேன் உருவாக, துளி வீணாகாவிட்டாலும் சுமார் 13 யூனிட் ஆற்றல் தேவை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவதே மணிக்கு ஒரு யூனிட்தான். டிரம்மின் வாய் எவ்வளவு அகலம்? அப்புறம், பாய்லர் புகையில் கார்பன் டை ஆக்சைடு மட்டுமா இருக்கிறது? கரித்தூளும் கந்தகமும் வேறு இருக்கும்.

1996-இல், தண்ணீரில் மூலிகை போட்டால் பெட்ரோல் கிடைக்கும் என்று சொன்ன 'மூலிகை பெட்ரோல்' கதையைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், பணமும் கட்டாதீர்கள்.