ஈஸ்டர் வாழ்த்து சொல்லலாமா? வாட்ஸ்அப்பில் சுற்றும் தவறான செய்தி

"ஈஸ்டர் கிறிஸ்தவர்களுக்குத் துக்க நாள், அன்று வாழ்த்துச் சொன்னால் மனம் புண்படும், அதனால்தான் சிங்கப்பூரில் விடுமுறை" என்று ஒரு செய்தி நம் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள், ஆனால் தகவல் தவறு.

துக்கம் அனுசரிப்பது இயேசு சிலுவையில் இறந்த புனித வெள்ளியன்று. பொது விடுமுறையும் அன்றுதான், மனிதவள அமைச்சின் இணையத்தளப் பட்டியலில் பார்க்கலாம். ஈஸ்டர் அதற்கடுத்து வரும் ஞாயிறு, அவர் உயிர்த்தெழுந்த நாள். கிறிஸ்தவர்களுக்கு அதைவிடப் பெரிய திருநாள் கிடையாது.

கத்தோலிக்க ஆலயங்களில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் முழுக்க, இறைவனைப் புகழும் 'அல்லேலூயா' பாடுவதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவு விளக்குகளை அணைத்து, வெளியே மூட்டிய தீயிலிருந்து பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவத்தியை ஏற்றி, அதிலிருந்து ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் மெழுகுவத்திக்கு ஒளி போய்ச் சேரும், அப்புறம் மணிகள் ஒலிக்கும், அந்த அல்லேலூயாவும் திரும்ப வரும். ஓபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா ஆலயத்துக்குப் போகும் தமிழர்களைக் கேட்டாலே சொல்வார்கள். இந்த மகிழ்ச்சி ஒரே நாளில் முடிவதுமில்லை, சீடர்கள்மீது தூய ஆவி இறங்கியதைக் கொண்டாடும் பெந்தெகொஸ்தே திருநாள் வரை 50 நாள் நீளும்.

அதற்காகச் சிலுவையை மறந்துவிட்ட மகிழ்ச்சி என்றும் நினைக்க வேண்டாம். பைபிளில் யோவான் 20:20 பாருங்கள், இயேசு தம் காயங்களைக் காட்டிய பிறகுதான் சீடர்கள் மகிழ்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

சரி, அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறன்று தாராளமாக ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லலாம்.