அப்பப்பாவின் மலரில் அப்பப்பா எங்கே?

எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் ஒருவர் காலமான முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்குப் போய்வந்தால் கையில் ஒரு நினைவு மலர் இருக்கும். மட்டையில் படம். உள்ளே விநாயகர் துதி, பஞ்சபுராணம், சிவபுராணம், கந்தசஷ்டி கவசம், அபிராமி அந்தாதி. கடைசியில் நன்றி நவிலல். இத்தனைக்கும் நடுவே வாழ்க்கைக் குறிப்பு ஒன்றரைப் பக்கம். அதிலும் பெயரையும் ஊரையும் மாற்றினால் பக்கத்து ஒழுங்கைக்காரருக்கும் அச்சொட்டாகப் பொருந்தும்: "இன்முகத்துடன் பழகினார், பிள்ளைகளைச் சிறப்பாகப் படிப்பித்தார், இறைபக்தி மிக்கவராகத் திகழ்ந்தார்." தொண்ணூறு வருஷம் வாழ்ந்த மனிதர் அந்த மலரில் இல்லை.

பாட்டே வேண்டாம் என்பதல்ல. சிவபுராணம் 95 அடி, மூன்று பக்கத்தில் அடங்கும். அது இருக்கட்டும். மற்றவை எல்லா வீட்டுச் சாமியறையிலும் ஏற்கெனவே நாலைந்து பிரதி கிடக்கின்றன. அந்தப் பக்கங்களை அப்பாவுக்கும் அப்பப்பாவுக்கும் அம்மப்பாவுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

நாள் கணக்கைப் பாருங்கள். அச்சகத்துக்கு நாலைந்து நாள் வேண்டும். சரவை (அச்சுப் பிழை) பார்க்கவும் திருத்தவும் மூன்று நாள். படங்கள் தேடி, எடுத்து, பக்கம் கட்ட இன்னொரு மூன்று நாள். ஆக, இருபதாம் நாளுக்குள் எழுத்து முடிந்திருக்க வேண்டும். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை வீட்டில் யாரும் பேனை தொடப்போவதில்லை. மிஞ்சுவது பன்னிரண்டு நாள். அதற்குள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டு ஒரு வாழ்க்கையை எழுதப் பார்த்தால் "இன்முகத்துடன் பழகினார்" தான் வரும். ஆள் இருக்கும்போதே கேட்டு வைத்தால்தான் உண்டு. அதை அபசகுனம் என்று நினைப்பவர்கள் மலருக்கென்று சொல்லாமல் கேளுங்கள். பேரப்பிள்ளை கேட்டால் எந்த அப்பப்பாவும் மறுக்கமாட்டார்.

கேட்கிற விதத்தில்தான் முக்கால்வாசி இருக்கிறது. "உங்கடை வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றால் "என்னத்தைச் சொல்ல, கஷ்டப்பட்டம்" என்பதோடு நிற்கும். "முதல் சைக்கிள் எங்கை வாங்கினீங்கள், என்ன விலை?" என்று கேளுங்கள். சைக்கிள் வந்தால் அது போன பாதை வரும், பாதையோடு வேலை வரும், வேலையோடு முதலாளியும் கூட்டாளியும் வருவார்கள். கிணறு வெட்டினது, முதல் சம்பளம், கொழும்பில் வாடகை அறை, போர்க்காலத்தில் கிளாலிக் கடல்நீரேரி தாண்டின இரவு, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஏற்றின ஜாம் போத்தல் விளக்கு எல்லாம் இப்படித் திறக்கிற கதவுகள். காலை வேளை நல்லது. அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தொலைபேசியை அவருடைய மடியருகே ஒரு முழத்துக்குள் வையுங்கள். மேசையில் வைத்தால் கைபட்ட சத்தம்தான் பதிவாகும். பதிந்த கோப்புக்கு அன்றே திகதியும் பெயரும் போடாவிட்டால் பிறகு தேடிப் பிடிக்க முடியாது.

வருஷம் கேட்டால் முதியவர்கள் தடுமாறுவார்கள். வருஷத்தை விடுங்கள். "சூறாவளிக்கு முன்னமோ பின்னமோ?" என்று கேளுங்கள். வடக்கில் அது 1964 மார்கழி, மட்டக்களப்பில் 1978 கார்த்திகை. பிரதமர் சிறிமாவோ காலத்தில் இறக்குமதி நின்று மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போன வருஷங்கள், 1981இல் யாழ் நூலகம் எரிந்தது, 83 ஆடிக் கலவரம், இந்தியன் ஆமி வந்த 87, 95 ஐப்பசி யாழ்ப்பாண இடப்பெயர்வு: இந்தக் கட்டைகளில் கட்டினால் ஏறக்குறைய எல்லாச் சம்பவமும் தன் இடத்தில் நிற்கும்.

அவர் சொன்னதைக் கடதாசிகளோடு ஒப்பிடுங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு திகதி, சாதகக் குறிப்பில் வேறொன்று இருப்பது அந்தத் தலைமுறையில் சாதாரணம். பதிவு பிந்தியிருக்கலாம், பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதை மாற்றியும் இருக்கலாம். இரண்டையும் குறித்துவிட்டு எது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். காணி உறுதி பெரிய பொக்கிஷம். எல்லை சொல்லும் இடத்தில் நாலு பக்கத்துச் சொந்தக்காரரின் பெயரும் இருக்கும், மறந்துபோன சகோதரி ஒருத்தி அங்கே அகப்படுவாள். பரப்பு என்ற எங்கள் காணி அளவை ஏக்கராக மாற்றும்போது கவனம்: தோட்டக் காணியில் 16 பரப்பு ஒரு ஏக்கர், வயலில் 24 பரப்பு. ஒரே கணக்கைப் போட்டு அப்பப்பாவின் வயலை ஒன்றரை மடங்காக்கிய பேரன்மார் இருக்கிறார்கள்.

இறந்த நாளின் திதியைச் சொல்லும் திதி வெண்பா இல்லாமல் கல்வெட்டு, அதாவது இந்த நினைவு மலர், இல்லை. வருஷம், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி நாலும் அதில் வந்துவிடும், ஆட்டைத் திவசத்துக்கு அதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அறுபது வருஷச் சுற்றில் பெயர் திரும்பி வரும். "குரோதி மார்கழி" என்றால் 1964 சூறாவளி மார்கழியும் அதுதான், 2024 மார்கழியும் அதுதான். வெண்பாவின் கீழே ஆங்கிலத் திகதியையும் நேரத்தையும் கட்டாயம் போடுங்கள். வாக்கியமா திருக்கணிதமா, எந்தப் பஞ்சாங்கம் பார்த்தது என்றும் எழுதுங்கள். திதி முடியும் நேரம் இரண்டிலும் மணிக்கணக்கில் வேறுபடும். வெளிநாட்டில் காலமானவர் என்றால் பிழை இன்னும் கூடும். ரொறன்ரோவில் கோடைகாலத்து இரவு 9 மணி யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 6.30. குளிர்காலம் என்றால் 7.30. யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தில் முதல்நாள் இரவைப் பார்த்துத் திதி எழுதினால், வருஷா வருஷம் பிழையான நாளில் திவசம் நடக்கும்.

வம்சாவளியில் பெண்களைத் தொலைக்கிற பழக்கத்தை விட்டுவிடலாம். "திருமதி" என்று போட்டுக் கணவரின் பெயரை எழுதினால் நாற்பது வருஷம் கழித்து அவள் யாரென்று யாருக்கும் தெரியாது. மச்சாளைக் கட்டினவர்களும் மாற்றுச் சம்பந்தமும் நிறைந்த குடும்பத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். அப்படியானால் படம் கீறாமல், இலக்கமிட்ட பட்டியலாகத் தலைமுறை வாரியாக எழுதுவது சுகம். படம்தான் வேண்டுமென்றால் நடுப்பக்கத்தில் வையுங்கள். நடுவில் கம்பி அடித்த புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே தாளாக வருவது அங்கே மட்டும்தான். 32 பக்க மலரில் அது 16உம் 17உம். வேறிடத்தில் போட்டால் நடுவில் இருக்கும் ஆட்கள் மடிப்புக்குள் போய்விடுவார்கள், இணைகோடும் சரியாகப் பொருந்தாது.

பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். 34 பக்கம் எழுதிக்கொண்டு போனால் அச்சகத்தார் இரண்டு வெற்றுப் பக்கம் விடுவார், அல்லது கேட்காமலே இன்னொரு பாட்டைச் சேர்ப்பார்!

படங்களை வாட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். பத்து சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஒரு படம் தெளிவாக அச்சாக ஏறக்குறைய 1,200 புள்ளி அகலம் வேண்டும். சுருங்கிய கலியாணப் படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டினால் அதில் கால்வாசிகூடத் தேறாது. ஆவணமாக அனுப்புங்கள், அல்லது மூலப்படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியில் வருடி (ஸ்கான் செய்து) எடுங்கள். அல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் அல்பத்தோடு வைத்தே எடுக்கலாம்.

எழுத்துருவில்தான் கடைசி நேரச் சண்டை வரும். வீட்டில் யூனிகோடில் தட்டுகிறோம், அச்சகம் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கலாம். மாற்றும்போது மேற்கோள் குறிகளும் நிறுத்தக் குறிகளும் வேறு எழுத்தாகிவிடும். பேத்தி ஆங்கிலத்தில் எழுதின பந்தி முழுதும் பாமினிக்குள் அகப்பட்டால் பொருளில்லாத தமிழாக அச்சாகும். ஆங்கிலப் பகுதியைத் தனிக் கோப்பாகக் கொடுங்கள். மாற்றின பிறகு வந்த பிரதியைத்தான் சரவை பார்க்க வேண்டும், நீங்கள் தட்டினதை அல்ல. ஒருவர் வாசிக்க மற்றவர் பெயரும் திகதியும் மட்டும் பார்க்கட்டும். அந்த இரண்டிலும் வரும் பிழைக்குத்தான் சொந்தக்காரர் கோபிப்பார்கள்.

பேரப்பிள்ளைகளின் முழுப் பிறந்த திகதியும் வெளிநாட்டு முகவரியும் மலரில் வேண்டாம், அது இணையத்துக்கும் போகும். "நூலகம்" என்ற இணைய எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. அவர்களுக்குக் கொடுக்க ஒரு பிரதியையும் அச்சுக்குப் போன பீடிஎப் கோப்பையும் எடுத்து வையுங்கள். மிச்சத்தில் பத்துப் பிரதியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, கறையான் ஏறாத அலுமாரித் தட்டில் வையுங்கள். பூட்டப்பிள்ளைகளில் யாரோ ஒருவர் வந்து கேட்பார்.