விமான நேரத்தை முன்னால் இழுத்தால் யாரைக் கேட்பது?
"விமான நேரம் மாறினால் பயணி இழப்பீடு வாங்கலாம்" என்று விமான நேர மாற்றம் பற்றிய இந்தக் கட்டுரையில் ஒரே வரியில் போட்டுவிட்டார்கள், நம் ஊரில் அது அவ்வளவு சுலபமில்லை. டிஜிசிஏ, அதாவது நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பின் விதியில் உள்ள 5,000 முதல் 10,000 ரூபாய் வரை இழப்பீடு என்பதெல்லாம் விமானத்தை ரத்து செய்துவிட்டு முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால்தான், அதுவும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவு என்றால் அந்தக் குறைந்த தொகைதான். இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு எஸ்எம்எஸ் தட்டிவிட்டால் மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம், சரி, அந்தப் பணத்தை வைத்து என்ன செய்வது? கோவையிலிருந்து சென்னை வந்து துபாய் விமானம் பிடிக்க இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாகப் போட்டிருந்தேன், காலை விமானத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கோவை டிக்கெட் பணம் வந்தது, துபாய் டிக்கெட் போனது போனதுதான். அப்புறம், மேலே கருத்துப் பகுதியில் ஒருவர், நேர மாற்ற மெசேஜைப் பார்க்காதது பயணியின் தப்பு என்கிறார். ஏஜென்ட் மூலம் போட்டால் பல நேரம் அவர் நம்பர்தான் பதிவாகியிருக்கும், மெசேஜ் அவருக்குத்தான் போகும், நமக்கு எப்படித் தெரியும்? தாமதத்தைவிட மோசம் நேரத்தை முன்னால் இழுப்பது, அதாவது டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு முன்பே விமானத்தைக் கிளப்புவது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 டிசம்பரிலேயே, ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் இழுத்தால் அந்த விமானம் ரத்தானதாகவே கணக்கு என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.